வடிவத்தின் சொந்தக்காரர்

"அவன் நேர்ல வரணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கோர்ட் வராண்டாவில் உமர் பாரூக் அன்று காலையிலிருந்து நான்காவது தடவையாக இதைச் சொன்னார். வக்கீல் சுபலட்சுமிக்கு லேசாக எரிச்சல் வந்தது.

"பாய், இது சிவில் கேஸ். அவங்க வக்கீல் வந்தாலே போதும். மொத நாளே சொன்னேன்ல?"

"சாட்சிக் கூண்டுல ஏத்துனா வந்துதானம்மா ஆகணும்?"

"அதுவரைக்கும் போச்சுன்னா வரணும். கொஞ்சம் உக்காருங்க."

உமர் பாரூக்குக்கு வயது ஐம்பத்திரண்டு. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவருடைய பேஸ் கிட்டாருக்கென்று ஒரு தனி உருவம் உண்டு. கழுத்துக்கு இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில் மேல்கொம்பு நீண்டு வளைந்து, கீழ்க்கொம்பு குட்டையாக, இடுப்பு நன்றாக ஒடுங்கியிருக்கும். கச்சேரி மேடையில் தூரத்திலிருந்து பார்த்தே, "அது மதுரை பாய் பட்டறை பேஸ்" என்று வாசிக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அந்த உருவத்தை ஒன்பது வருஷத்துக்கு முன்பே தன் பெயரில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்து வைத்திருந்தார். போன வருஷம் அதே உருவத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பேஸ் விற்பனைக்கு வந்தது. கேள்விப்பட்டதும் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து, கே.கே. நகரில் சுபலட்சுமியின் ஆபீஸ் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"கேஸ் போடுங்கம்மா."

"எடுத்தவுடனே கேஸ் வேணாம் பாய். நேர்ல போய் ஒரு தடவ பேசிப் பாருங்களேன்."

"போனேன். கதவத் தெறக்கல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சுபலட்சுமி அதற்கு மேல் கேட்கவில்லை. மனு எழுதும்போதுதான் கேட்டாள்.

"அந்தப் பட்டறைக்காரர் பேரு, அவங்க அப்பா பேரெல்லாம் தெரியுமா பாய்?"

"கடப் பேரப் போடுங்கம்மா. அது போதும்."

வந்திருந்த பேஸை ஆதாரமாக ஆபீசிலேயே விட்டுப் போகச் சொன்னாள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். போகும் முன் அதன் விளிம்பை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"சும்மா சொல்லக் கூடாதும்மா. நம்மளத விட நல்லாச் செஞ்சிருக்கான்."

"இத ஜட்ஜ் முன்னாடி சொல்லிராதீங்க பாய்" என்று அவள் சிரித்தாள்.

இன்றைக்குத்தான் எதிர்த்தரப்பு பதில் சொல்ல வேண்டிய நாள். உமர் பாரூக் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில், அத்தர் மணக்க, எட்டரைக்கே வந்துவிட்டார். வாசலில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தார். யார் யாரோ இறங்கினார்கள்.

பதினொரு மணிக்கு எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் ஒரு ஃபைலோடு வந்தார். சுபலட்சுமியை ஓரமாக அழைத்துப் பேசினார். திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"பாய், ஜெயிச்சாச்சு! எல்லாத்துக்கும் சம்மதம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்த வடிவம் முழுக்க முழுக்க உங்களோடதுதானாம். இனிமே ஆயுசுக்கும் அதுல ஒரு கிட்டார்கூடச் செய்ய மாட்டாங்களாம்."

"அவன் வரலையா?"

"வர வேண்டிய அவசியமே இல்ல. நாம உள்ள போய்ச் சரின்னு ஒரு வார்த்த சொன்னா, அஞ்சு நிமிஷத்துல கேஸ் முடிஞ்சிரும்."

உமர் பாரூக் மறுபடியும் வாசலை எட்டிப் பார்த்தார்.

"கைவசம் இருந்த ஏழு பேஸையும் அந்தப் பட்டறைக்காரரே அறுத்துப் போட்டுட்டாராம். நம்பணும்னு போட்டோவே வச்சிருக்காங்க. பாருங்க."

அவர் வாங்கிப் பார்த்தார். ஏழும் வரிசையாகத் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றும் அந்த ஒடுங்கிய இடுப்பில் சரியாக இரண்டு துண்டு. படத்தின் ஓரத்தில் ரம்பம் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

அந்தக் கையைப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள்கள் குலுங்கின. வராண்டாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுபலட்சுமி பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன பாய் இது? நாம கேட்டதுக்கு மேலயே கெடச்சிருக்கே."

"சண்ட போடுவான்னு நெனச்சேம்மா. இம்புட்டு வருஷத்துக் கோவத்தையும் கொட்டுவான்னு நெனச்சேன். ஜட்ஜ் முன்னாடி நின்னு, 'இது என்னோடது'ன்னு கத்துவான். நானும் 'ஆமா'ன்னு சொல்லிரலாம்னுதான் வந்தேன்."

"உங்க பேர்ல பதிவான வடிவத்த அவர் எப்படி பாய் தன்னோடதுன்னு சொல்வாரு?"

உள்ளே வழக்கு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுபலட்சுமி எழுந்தாள். உமர் பாரூக் எழவில்லை. போட்டோவில் இருந்த கையைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"அத வரஞ்சவனே அவன்தாம்மா. என் தம்பி இஜாஸ்."