துவைத்த சட்டை

காலையில் வீட்டைவிட்டுப் போன, நினைவு தப்பிய அப்பாவைக் காணவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையைப் பிலோமினா மடிப்புக் கலையாமல் நீட்டினாள். நீலம் போட்டுத் துவைத்து, இஸ்திரி போட்டிருந்தாள். மோப்பநாய் ஷீபா முகர்ந்துவிட்டுத் தும்மியது.

“என்னம்மா இது?” என்றார் நாயைப் பிடித்திருந்த ஏட்டு சுடலைமணி.

“அழுக்குச் சட்டையை எப்படி சார் வெளியாள் கையில குடுக்க? போலீஸ் வருதுன்னாங்க. போர்வை, தலகாணி உறையெல்லாம் துவைச்சிட்டேன்.”

ஏட்டு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஷீபா உட்காரவில்லை. தரையைக் கூட்டும் காதுகளோடும், யாரோ பெரியவரிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டது போன்ற தொளதொளத்த தோலோடும் அது பிலோமினாவிடம் வந்தது. அவள் பின்வாங்கினாள்.

“பயப்படாதீங்க. இவ முன்னோரெல்லாம் பெல்ஜியத்துல சாமியார் மடத்துல வளர்ந்தவங்க. ஆளைக் கண்டுபிடிச்சாக்கூட கடிக்க மாட்டா, நக்கத்தான் செய்வா.”

ஷீபா எழுந்து முன்கால்களை அவள் தோளில் வைத்தது. இடது கன்னத்தை மூடியிருந்த முந்தானையை மூக்கால் விலக்கியது. மகளை யாரென்று தெரியாமல் அப்பா காலையில் அறைந்த கன்னம் அது. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சிவந்திருந்த தடத்தை ஷீபா அவசரமில்லாமல், விரல் விரலாக முகர்ந்தது. பிறகு இறங்கிப் பனங்காட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. வார் விறைத்தது. ஏட்டு இழுபட்டு ஓடினார்.

“இங்க மட்டும் நான் கழுவல சார்,” என்றாள் பிலோமினா, கன்னத்தைத் தொட்டுக்காட்டிப் பின்னாலேயே ஓடிக்கொண்டு.