அட்டையில் யார் பெயர்?

கூடத்தில் கணவர் பதிப்பாளரிடம் கதை அளந்துகொண்டிருந்தது சமையலறையில் இருந்த அவளுக்குக் கேட்டது.

"பேய்க் கதை, மர்மக் கதையெல்லாம் அந்தக் காலத்துல பொம்பளை பேர்ல வந்தா சக்கைப்போடு போடும் சார். அதான் வீட்டுக்காரி பேரை வச்சுக்கிட்டேன்."

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே!" என்று சிரித்தார் பதிப்பாளர். "மறுபதிப்புல உங்க பேரையே போட்டுடலாம். பின்னட்டையில உங்க போட்டோ."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீயைக் கொண்டுவந்து 'ணங்'கென்று மேசையில் வைத்தாள். பாதி தட்டில் கொட்டியது.

"என்னம்மா, உங்க பேரை எடுக்கறோம்னு கோபமா?"

"இவளுக்கு எதுக்குத்தான் கோபம் வராது? நீ உள்ள போ," என்றார் கணவர்.

அவள் நகரவில்லை. மேசைமேல் கிடந்த பழைய புத்தகத்தைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"இதுல லைட்ஹவுஸ் காவல்காரனைக் கொன்னது யாரு? அதை மட்டும் சொல்லுங்க, போறேன்."

கணவர் பதிப்பாளரைப் பார்த்துக் கண்ணடித்தார். "வேற யாரு, கூடப்பொறந்த தம்பிதான்!"

பதிப்பாளரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அவனை யாரும் கொல்லலையே சார். புயல்ல செத்துப்போன அவனோட ஆவிதானே முதல் வரியிலேருந்து கதையே சொல்லுது?"

"அது... ரொம்ப வருஷம் ஆச்சா, மறந்து..."

"படிச்சிருந்தாத்தானே மறக்கறதுக்கு!" என்று வெடித்தாள் அவள்.

பதிப்பாளர் கையெழுத்துக்காகக் கொண்டுவந்திருந்த மறுபதிப்பு ஒப்பந்தத்தை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

"அட்டையில இருக்கிற பேரை மாத்தாதீங்க," என்றாள். "எழுதினவ பேருதான் அது."