முப்பத்தேழு படங்கள்

"எங்கப்பா வச்சீங்க?" என்று தியுர்மா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

என் மகளுக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும். ஆனாலும் முதல் வரிசைக்குக் கேட்டுவிட்டது.

ஏரிக்கரை ஊரான பாலிகேயில் எங்கள் குலத்தின் கூடம். மச்சான்மேல் நான் சொன்ன புகாரைக் கேட்க நூற்றிருபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரிசையில் என் தங்கையின் கணவர், மச்சான் மங்கிஹுட், தலை குனிந்திருந்தார்.

எங்கள் குல வழக்கத்தில் பெண் கொடுத்த வீடுதான் உயர்ந்தது. பெண் எடுத்தவன் அந்த வீட்டை நோக்கிக் குரல்கூட உயர்த்தக் கூடாது. மச்சானோ மூன்று வாரமாக எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பி என் குடும்பத்தை வைதார். அனுப்பிய சில நிமிடங்களில் அழித்தும் விடுவார்.

அவர் அழிக்குமுன் நான் திரையைப் படம் எடுத்துவிடுவேன். அதற்கான பொத்தானைக் கணினியில் காட்டிக் கொடுத்தவளே தியுர்மாதான். முப்பத்தேழு முறை அமுக்கினேன். கடைசிப் படம் இன்று காலை எடுத்தது. சபைக்குப் போகும் நாளில் கோபம் கூடாதென்று அந்தச் செய்தியை நான் படிக்கவேயில்லை.

இப்போது கணினியில் ஒரு படமும் இல்லை.

"பொத்தான அமுக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அமுக்கினேன்."

"எங்கயும் ஒட்டிச் சேமிக்கலையாப்பா?"

முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன் நான். அங்கே நகல் எடுத்தால் நகல் இருக்கும். அதை இன்னொரு இடத்தில் ஒட்டச் சொல்லி எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

"அது சிலேட்டு மாதிரி. புதுசா ஒண்ணு எடுத்தா பழசு அழிஞ்சிடும்."

முப்பத்தாறு போய்விட்டன.

"என்ன அண்ணே, படம் ஓடுமா, இல்ல சாப்பிடப் போலாமா?" என்றது பின்வரிசை. சிரித்தார்கள்.

ஆதாரமில்லாமல் குற்றம் சொன்னவன் கெண்டை மீன் சமைத்து, தட்டைக் கையில் ஏந்தி, எதிராளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையாக அந்தத் தட்டை யாரும் ஏந்தியதில்லை. அதுவும் பெண் எடுத்தவன் முன்னால்.

"தள்ளு. எப்படி எடுத்தேன்னு நானே காட்டறேன்."

பொத்தானை நோக்கி விரலை நீட்டினேன்.

தியுர்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை பேர் பார்க்க, மகள் தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"தொடாதீங்க! காலைல எடுத்தது மட்டும் உள்ள இருக்கும். இன்னொரு தடவ அமுக்கினா அதுவும் போயிடும். மெஷின அணைச்சீங்களா?"

"மூடிய மட்டும் மூடினேன்."

அவள் நெடுமூச்சு விட்டாள். சபைத்தலைவர் ஹப்போசானிடம் திரும்பினாள். "பெரியப்பா, கொஞ்சம் அந்தப் ப்ரொஜெக்டர் வயர உருவுங்க."

சுவரில் தொங்கிய வெள்ளைத்துணி இருண்டது.

வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து ஒட்டினாள். படம் வந்தது. என் கண்ணுக்கு எட்டாத தூரம். அவள் படித்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். சுட்டியை இழுத்து ஏதோ செய்தாள். தேதியைப் பெயராகக் கொடுத்துச் சேமித்தாள்.

"கோப்பாயிடுச்சுப்பா. இனி எங்கயும் போகாது."

அதற்குப் பிறகுதான் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

வயரை மாட்டியதும் மச்சானின் செய்தி துணியில் விழுந்தது. ஹப்போசான் உரக்கப் படித்தார்.

"மச்சான், இதுவரைக்கும் எழுதினதெல்லாம் தப்பு. உங்க வீட்டுப் பொண்ணு கையால தின்னுக்கிட்டே உங்கள ஏசினேன். சபையில கேட்டா ஆமான்னு ஒத்துக்கறேன். மன்னிச்சிடுங்க."

என் தங்கை வாய்விட்டு அழுதாள்.

மச்சான் எழுந்தார். "எழுதிட்டேன். அப்புறம் வெக்கமாப் போச்சு, அழிச்சிட்டேன்" என்றார்.

நான் தோள்துணியைச் சரிசெய்துகொண்டேன். "இதக் காட்டத்தான் சபையக் கூட்டச் சொன்னேன்" என்றேன்.

மற்ற முப்பத்தாறைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

காப்பி வந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியருகே போனேன். படத்தில் மச்சானின் செய்தி மட்டும் இருந்தது. அதற்கு மேலே, கத்தியால் அறுத்தாற்போல் விளிம்பு.

பொத்தான் ஒருவன் பேச்சை மட்டும் எடுக்காது, திரை முழுவதையும் எடுக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சான் எதற்குப் பதில் எழுதினாரோ அதுவும் அந்த முப்பத்தேழில் ஒவ்வொன்றிலும் இருந்திருக்கும். அவர் தன் செய்தியை அழித்ததும் என்னுடையதை நானும் அழித்துவிடுவேன். ஆனால் படம் அதற்கு முன்பே எடுத்தாயிற்றே.

இன்று காலை ஐந்தரைக்கு நான் எழுதியது நான்கு வரி. மச்சானின் செத்துப்போன அப்பாவைப் பற்றி.

மச்சான் கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளைத்துணியில் தெரிந்த படத்தின் மேல் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைச் சந்தித்தார். காப்பியைக் குடித்தார்.

"மேல இருந்தது எங்க?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அத நான் சேமிக்கலப்பா."