நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்க

துபாயில், ஒரு ஷாப்பிங் மாலின் பின்பக்க இரும்புப் படியில், ஆகஸ்ட் மாத உச்சி வெயிலில், கனத்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான் வைரவன். உள்ளே இருக்கும் பனிக்கூடத்தில் சறுக்கி விளையாட வருகிறவர்களுக்காகக் காலை முழுக்கச் செயற்கைப் பனியை அள்ளிப்போட்டவன். சோற்றைப் பிசைய விரல்கள் மடங்க மறுக்கின்றன. கொதிக்கும் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கைகளை மாற்றி மாற்றி ஒற்றி எடுக்கிறான். "கேன்டீன்ல ஏசி இருக்கே, வாய்யா," என்று கூப்பிடுகிறான் கூட வேலை செய்யும் அன்பரசன். "ஏசியா? ஆளை விடு." ஊரிலிருந்து மனைவி பூவாயியின் மிஸ்டு கால் வருகிறது. திருப்பிக் கூப்பிடுகிறான். "அங்க வெயில் கொளுத்துதாமே. நிழலாப் பாத்து உக்காந்து சாப்பிடுங்க." தலைக்கு நேர்மேலே சூரியன் நிற்கிறது. "நிழல்லதான் இருக்கேன்," என்கிறான், கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டே.