வியாழக்கிழமை சூப்

“இது பட்டாணி சூப்பா, சுவரொட்டி ஒட்டுற பசையா?” என்றாள் மாமியார் குன்வோர்.

“கடுகு விழுதைக் கலந்து சாப்பிடுங்க அத்தை.”

“பன்றிக்கறியும் வேகல. என் பிள்ளை இதைத் தொடக்கூட மாட்டான்.”

மாலின் கரண்டியைப் பட்டென்று வைத்தாள். “வாராவாரம் இதே பாட்டா? நீங்களே சமைச்சுக்கோங்க!”

அழைப்புமணி அடித்தது. குன்வோர் போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் மகன் மாக்னுஸ்.

“அம்மா, எனக்கும் மாலினுக்கும் விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் ஏம்மா இங்க வர்ற? அங்க லீனா உனக்காக சமைச்சு வச்சுட்டுக் காத்திருக்கா.”

“உன் புதுப் பொண்டாட்டி நான் எது சொன்னாலும் சிரிக்கிறாடா. அங்க நான் விருந்தாளி. இங்கதான் வாய்விட்டுத் திட்ட முடியுது.”

மாலின் உள்ளிருந்து கத்தினாள்.

“அத்தை, பான்கேக் ஆறுது! கதவைச் சாத்திட்டு வாங்க!”