ஆளுயரச் சிலை

"அண்ணன் வந்துட்டாரு" என்று பாண்டியராஜன் குரல் கொடுத்ததும் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்குப் போனார்கள். அண்ணன் மொக்கைச்சாமி மாரடைப்பில் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. இன்று அவர் மகள் தேவயானிக்குச் சின்னமனூரில் கல்யாணம்.

வாசலில் நின்ற மினி வேனில், வெள்ளைத் துணி சுற்றிக் கயிறு கட்டியபடி நின்றது சிலை.

சிலை யோசனை பாண்டியராஜனுடையது. தேவதானப்பட்டியில் ஒரு புதுவீட்டு விசேஷத்தில் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தார். செத்துப்போன வீட்டுக்காரர் சிலிக்கானில் சோபாவில் உட்கார்ந்திருந்தாராம். கை ரோமம், நகத்து அழுக்கு எல்லாம் அச்சு அசல். யாரும் அழவில்லை, வரிசையில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்களாம்.

"எமனையே ஏமாத்திப்புட்டானுக மதினி" என்று அண்ணன் மனைவி பூமாரியிடம் சொன்னார். "அண்ணனையும் அப்பிடி மேடையில வச்சிருவோம். குறை தெரியாது."

மண்டபம் பார்க்கப் போயிருந்த அன்று நடந்த பேச்சு அது. மற்றதும் அன்றே அங்கேயே முடிவாகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர்களின் இடத்தில் பாண்டியராஜனும் அவர் மனைவி முனீஸ்வரியும் நிற்பார்கள். தாரை வார்ப்பதும் அவர்கள்தான். பூமாரி எங்கே நிற்பது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்.

பாண்டியராஜன் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டியிருந்த தூணைக் காட்டினார். "நீங்க அந்தத் தூண் பக்கம் நின்னுக்கங்க மதினி. அங்கன இருந்து பாத்தாலும் நல்லாத் தெரியும்."

அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் புருசனைப் பறிகொடுத்தவள் முன்னால் வரக் கூடாது என்பது அவருக்கு, மலையில் மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் வரும் என்பதைப் போல ஒரு சாதாரண விஷயம்.

பூமாரி அந்தத் தூணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நான்கு வருடமும் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டிக் கவாத்து செய்ததும் மருந்தடித்ததும் வியாபாரிகளோடு மல்லுக்கு நின்றதும் அவள்தான். மாப்பிள்ளை தேடியதும் அவள்தான்.

"சிலைய நானே சொல்லிச் செய்யுறேன் தம்பி" என்றாள் கடைசியில்.

பாண்டியராஜனுக்கு மனசு நிறைந்துபோனது. அதன் பிறகு பூமாரி அடிக்கடி சிற்பி விஜய்ராஜின் பட்டறைக்குப் போய்வந்தாள். சிலை எப்படி வருகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம், வரட்டும் பாருங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்போது நான்கு பேர் சிலையை இறக்கி, பக்கவாசல் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள். மொக்கைச்சாமி ஆறடி ஆள். இந்த வாசலில் எல்லாம் குனிந்துதான் நுழைவார். சிலை நிமிர்ந்தபடியே நுழைந்தது. பாண்டியராஜன் அதைக் கவனித்தார்.

"என்னடி, அண்ணன் சுருங்கிட்டாரு?"

"நாலு வருசம் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தா சுருங்கத்தான் செய்வாக" என்றாள் முனீஸ்வரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மேடையில் மணமக்களுக்கு அருகே ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ரோஜா மாலை வைத்திருந்தார்கள். துணி சுற்றிய சிலையை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான், அதை நாற்காலியில் உட்கார வைக்க முடியாது என்பது பாண்டியராஜனுக்கு உறைத்தது.

"ஏன்ப்பா, கல்யாணம் முடியுற மட்டும் எங்கண்ணன் நின்னுக்கிட்டேவா இருப்பாரு?"

"நிக்கிற மாதிரிதான் கேட்டாக" என்று சொல்லிவிட்டு விஜய்ராஜ் ஒதுங்கிக்கொண்டான்.

முகூர்த்தம் நெருங்கியது. மதினி எங்கே என்று யாரோ விசாரித்தார்கள். தூண் பக்கம் நிற்பாள் என்று யாரோ பதில் சொன்னார்கள். திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. பாண்டியராஜன் கண்களைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்த்துத் துணியை இழுத்தார்.

மேளம் பாதியில் நின்றது.

நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. சாம்பல் நிற நூல் சேலை. முந்தானையால் வாயைப் பொத்தி, எதற்கோ பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. திராட்சை வெட்டும் கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல்கூட அப்படியே இருந்தது.

பூமாரி.

"உசுரோட இருக்கிற பொம்பளைக்கா சிலை?" முனீஸ்வரியின் குரல் அடங்கி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அப்போது மேடைப் படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. அரக்குப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, நெற்றியில் வட்டமாகக் குங்குமம் இட்டு ஏறி வந்தாள் பூமாரி. எல்லோரும் திரும்பினார்கள். தேவயானி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் அம்மாவுக்கு அந்தப் பூவை வைத்துவிட்டவளே அவள்தான்.

பூமாரி நாற்காலியில் இருந்த ரோஜா மாலையை எடுத்துச் சிலையின் கழுத்தில் போட்டாள். நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் இழுத்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு கையில் துணியோடு நின்ற கொழுந்தனைப் பார்த்தாள்.

"அத அந்தத் தூண் பக்கம் நிறுத்துங்க தம்பி. அங்கன இருந்து பாத்தாலும் நல்லாத் தெரியும்."