ஒரு இலைதானே

"யாரு இதுல கைவச்சது?"

கணக்கு டீச்சர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் எழுந்து ஓடிவந்தார்.

மாடி நடையின் ஜன்னல் விளிம்பில் டீச்சரின் சக்குலன்ட் தொட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற, தடித்த இலைச் செடிகள். நடுவில் இருந்ததுதான் அவருடைய செல்லம். ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடிய இலைகள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்கில் இப்போது பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

"ஒரு இலைதானே, விடும்மா."

"இதுல ஒரு இலைன்னா ஒரு செடிங்க. மண்ணு மேல சும்மா போட்டு வச்சாலே வேர் விட்டுக் குட்டி போடும். நல்லாப் பாருங்க, கிள்ளலை. பக்குவமா அசைச்சு அடியோட எடுத்திருக்காங்க. விவரம் தெரிஞ்ச கை."

"காத்துல விழுந்திருக்கும்."

"விழுந்த இலை கீழ கிடக்கணுமே. எங்க கிடக்கு, காட்டுங்க."

கணவர் குனிந்து தேடுகிற மாதிரி பாவனை செய்தார். பரீட்சைத்தாளில் அரை மார்க்கைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷி, இலையையா விடப்போகிறார்?

டீச்சரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் அவர் பேச்சைக் கேட்டு வளர்கிறவை இந்தச் செடிகள்தான். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஊற்றுவார். இலையடியில் பூச்சி தெரிந்தால் பஞ்சால் ஒற்றி எடுப்பார்.

"ஒத்தை இலையிலேர்ந்து வளர்த்தேங்க இதை. கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேனா? அடுத்தவங்க பொருள்ல கைவைக்க எப்படித்தான் மனசு வருதோ. சோறுதான் திங்கிறாங்களா?"

"மெதுவா பேசும்மா. நாலு வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்னுதான் பேசுறேன்."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வேலைக்குப் போகிற உடுப்பில் நர்ஸ் வெளியே வந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதில் கொஞ்சம் மண். மண்ணின் மேல் ஓரம் சிவந்த ஒற்றை இலை.

டீச்சர் அவளை ஒதுக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன?"

பின்னாலேயே வந்த நர்ஸ் தலைகுனிந்தாள்.

"உங்க செடியில எடுத்ததுதான், டீச்சர்."

"நோயாளிக்கு ஊசி போடுற கைக்கு இந்த வேலையும் தெரியுமா? உன்னை எவ்வளவு மரியாதையா நெனச்சிருந்தேன். வெக்கமா இல்லையா?"

"தப்புதான், டீச்சர். என் தங்கச்சி வச்ச செடி ஒண்ணு இருந்துச்சு, இதே மாதிரி. அவ போன பிறகு அதைப் பாத்துத்தான் மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். மாமியார் பாசத்துல தினமும் தண்ணி ஊத்தியிருக்காங்க. நான் கவனிக்கிறதுக்குள்ள தண்டோட அழுகிப்போச்சு."

டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"பாவம்தான். அதுக்காகத் திருடலாமா? கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டா நான் இல்லைன்னா சொல்வேன்?"

"கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் கேக்கலை."

"எனக்கென்ன சங்கடம்?"

வாசலில் நின்ற கணவருக்குக் கேட்காதபடி நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி போனப்ப துக்கம் கேக்க வந்தீங்கள்ல, டீச்சர். கிளம்புறப்ப இந்த ஜன்னல்ல இருந்த அவ செடியில ஒரு இலையை எடுத்துக் கைப்பையில போட்டுக்கிட்டீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். நல்லவேளை, அன்னிக்கு எடுத்தீங்க. இல்லைன்னா அவ வச்சதுன்னு சொல்ல இன்னிக்கு ஒரு இலைகூட மிஞ்சியிருக்காது."